வீட்டுக்கார அம்மா சாப்பிடாமல் போனாள்

அக்டோபர் 1, செவ்வாய்

தக்காளி மறுபடியும் ஏறிவிட்டது. நான் பழக்கதோஷத்தில் நான்கு கிலோ கேட்டேன். காய்க்காரன் தராசை நிறுத்திவிட்டு, "சூடான்காரரே, ஓட்டலா வச்சிருக்கீங்க?" என்றான். கெய்ரோக்காரர்கள் இரண்டு தக்காளி, ஒரு கத்தரிக்காய் என்று எண்ணி வாங்குகிறார்கள். எங்கள் ஊர் ஒம்துர்மானில் அப்படி வாங்கினால், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க ஆள் வந்துவிடும்.

இரண்டு கிலோவோடு வந்தேன். என் மனைவி ரவ்தாவுக்கு அதுவும் அதிகம்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?"

விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்றேன்.

"விருந்தாளி தானா எங்க வர்றாங்க? தெருவுல போறவனை நீங்கதான் புடிச்சு இழுத்துட்டு வர்றீங்க."

பொய் என்று சொல்ல முடியாது. என் நாக்கு அப்படி. வந்தவன் சாப்பிடாமல் எழுந்தால் எங்கள் ஊர் ஆண்கள் கையைத் தூக்கி ஆணையிடுவோம்: "நீ சாப்பிடாம போனா என் பெண்டாட்டிக்குத் தலாக்." ஒரு குடும்பம் தன்னால் கெட வேண்டாமே என்று அவனும் உட்கார்ந்துவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து ரவ்தாவை இப்படி எத்தனை தடவை பணயம் வைத்திருப்பேன்? ஆட்டிறைச்சிக்கு வைத்திருக்கிறேன். தேநீருக்கு வைத்திருக்கிறேன். ஒரு தடவை, வெறும் தர்பூசணிக்கு.

அக்டோபர் 3, வியாழன்

தேநீர்க் கடையில் நான், பழைய தெருக்காரன் தீஜானி, அவன் கூட்டி வந்த ஒரு ஆள். பில் வந்தது. தீஜானி தலாக் ஆணையிட்டுத் தான்தான் கொடுப்பேன் என்றான். நான் விடுவேனா, நானும் இட்டேன். மூன்றாவது ஆளும் இட்டான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கடைப் பையன் மூன்று பேரிடமும் முழுத் தொகையை வாங்கிக்கொண்டு, "மூணு குடும்பமும் நல்லா இருக்கட்டும்" என்று போய்விட்டான்.

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. இந்த ஊரில் பிழைக்கத் தெரிந்தவன்.

அக்டோபர் 4, வெள்ளி

தேநீர்க் கதை ரவ்தாவுக்குத் தெரிந்துவிட்டது. தீஜானியின் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது?

அக்டோபர் 7, திங்கள்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கார அம்மா ஹாஜ்ஜா தஹானி, கீழ்த்தளத்திலிருந்து நாலு மாடி ஏறி வந்தாள். முழங்கால் வலிக்காரி தானாக ஏறி வந்தால் வாடகையும் கூடவே ஏறி வருகிறது என்று அர்த்தம். அடுத்த மாதத்திலிருந்து ஒன்றரை மடங்கு என்றாள். நான் உள்ளுக்குள் ஒரு திட்டம் போட்டேன். ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டால் மனசு இளகும், இளகினால் பேசலாம். அடுப்பில் ரவ்தாவின் வெண்டைக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இந்த வாரத்துக் கடைசி இறைச்சியும் அதில்தான் கிடந்தது.

வயிறு சரியில்லை, ஒன்றும் வேண்டாம் என்று எழுந்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு கையைத் தூக்கினேன். ரவ்தா சமையலறையிலிருந்து கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பார்த்தேன். பார்த்தும் சொன்னேன்.

"ஹாஜ்ஜா, நீங்க ஒரு வாய் சாப்பிடாம இந்தப் படி இறங்கினா ரவ்தாவுக்குத் தலாக்."

ஹாஜ்ஜா என்னைப் பார்த்தாள். ரவ்தாவைப் பார்த்தாள். "அது உங்க பாடு, உஸ்தாத்" என்று சொல்லிவிட்டு என் கைக்கு அடியில் குனிந்து வெளியே போனாள்.

முழங்கால் வலிக்காரி. கைப்பிடியைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் எனக்கு விவாகரத்து ஆகிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னை இப்படிக் கைவிட்டதில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

காலையில் எழுந்தால் ரவ்தா வீட்டுக்குள்ளேயே தோப் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். கடைத்தெருவுக்குப் போகும்போது சுற்றுகிற நீளத்துணி. தலையிலிருந்து கால்வரை, ஒரு முடிகூடத் தெரியாமல். நான் சிரித்தேன். அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"உஸ்தாத் பாபிகர், தேநீர் மேசை மேல இருக்கு. நான் உள்ள போன பிறகு எடுத்துக்குங்க."

உஸ்தாதாம், அதாவது 'சார்'. நேற்றுவரை 'ஹிபா அப்பா' என்று கூப்பிட்டவள், பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறாள். நீ விளையாடுகிறாயா என்று கேட்டேன். தலாக் ஆன பெண் அந்நிய ஆணோடு விளையாட மாட்டாள் என்று பதில் வந்தது.

மகள் ஹிபா தோஹாவிலிருந்து போன் செய்தாள். ஆஸ்பத்திரி வேலை, நேரமில்லாதவள், ஆனாலும் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு அம்மாவிடம் ஏதோ தனியாகப் பேசினாள். போனை வைத்தபின் ரவ்தா கதவுக்குப் பின்னாலிருந்து செய்தி வாசித்தாள்: மாதக் கடைசிக்குள் ஷேக்கிடம் போய் இதைச் சரிசெய்யாவிட்டால் ஹிபா டிக்கெட் அனுப்புவாள், இவள் தோஹாவுக்குப் போய்விடுவாள்.

இப்போது குரலில் விளையாட்டு இல்லை. இல்லையா? எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே. என்னடா பாபிகர், ஊரை விட்டு வந்தும் நாக்கை மட்டும் ஏன்டா கூடவே கொண்டுவந்த?

அக்டோபர் 9, புதன்

சோபா என்னைவிடக் குட்டை.

அக்டோபர் 10, வியாழன்

சந்துப் பள்ளிவாசல் ஷேக்குக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். மனைவியைப் பிரியவேண்டும் என்ற எண்ணத்தில் சொன்னாயா என்றார்.

"இல்லீங்க. வீட்டுக்கார அம்மாவுக்கு வெண்டைக்காய்க் குழம்பு ஊத்தணும்ங்கிற எண்ணத்துல சொன்னேன்."

ஷேக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தும்மலாக இருக்கலாம்.

தீர்ப்பு இதுதான்: கல்யாணம் பிழைத்தது, சத்தியம் முறிந்தது. முறிந்த சத்தியத்துக்குப் பரிகாரம், பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு. முடியாதவனாக இருந்தால் மூன்று நாள் நோன்பு. உன்னால் முடியுமா என்று கேட்டார்.

"முடியாம என்ன?" என் நாக்குதான். என்னைக் கேட்கவே இல்லை.

ரவ்தாவிடம் சொன்னேன். பரிகாரம் முடிகிறவரை தோப் அவிழாது என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆட்டில் ஆரம்பித்தேன். கசாப்புக்காரன் சொன்ன விலைக்கு ஆடு தானே நடந்து வந்து சமைத்துப் பரிமாறவும் வேண்டும். கோழிக்கு இறங்கினேன். கோழியிலும் கழுத்துக்கும் காலுக்கும் இறங்கினேன். கடைசியில் பருப்பு மூட்டைக்கு முன்னால் நின்றேன். அதுவும் ரொட்டி, வெங்காயம், எண்ணெய், காஸ் என்று சேர்த்தால், மசாலாக் கடையில் அரைநாள் கணக்கெழுதி நான் வாங்குகிற சம்பளம் பல்லைக் காட்டுகிறது.

போகட்டும், ஆட்களையாவது பிடிப்போம் என்று வாசல்காவலர் ஷஹாத்தாவிடம் போனேன். பெருமை போகாத குரலில், இந்தக் கட்டடத்தில் ஏழைகள் யாராவது உண்டா என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இருக்காங்க. யார்னு சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

அக்டோபர் 12, சனி

கோபித்துக்கொள்ளவில்லை. இரவெல்லாம் சோபாவில் கிடந்து யோசித்தேன். சண்டை வருமுன் ஒம்துர்மானில் உதிரிபாகக் கடை வைத்திருந்த பாபிகர் பத்துப் பேருக்கு அல்ல, ஒரு தெருவுக்கே சோறு போடுவான். அந்த ஆள் இங்கே வரவே இல்லையோ? அவன் பெயரையும் நாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு நான் வந்திருக்கிறேன்.

காலையில் ஷேக்கிடம் போனேன். வழியில் இரண்டு தடவை திரும்பினேன். அவர் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பெரிய ஊரில் வந்து இறங்கியதிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னேன்.

"முடியாதுங்க."

வானம் இடியும் என்று காத்திருந்தேன். ஷேக் மூக்கைச் சிந்தினார். "சரி, நாளையிலேர்ந்து நோன்பு வை" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

முதல் நோன்பு. கணக்கெழுதும் மேசைக்குப் பக்கத்திலேயே சீரக மூட்டை. தலை சுற்றுகிறது.

அக்டோபர் 14, திங்கள்

இதை நான் எழுதாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். எழுதினாலும் நம்ப மாட்டார்கள்.

மதியம் கதவு தட்டல். ஹாஜ்ஜா தஹானி. கண் சிவந்திருந்தது. தான் சாப்பிடாமல் போனதால் நாலாவது மாடியில் ஒரு குடும்பம் பிரிந்துவிட்டது என்று ஷஹாத்தா சொல்லியிருக்கிறார். அவளுக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டதாம். தோப்புக்குள் நிற்கும் ரவ்தாவைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பாவம் எனக்கு வேணாம். கொண்டு வாங்க, சாப்பிடுறேன்."

எல்லாம் தீர்ந்துவிட்டது, நான் நோன்பு என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. என் நோன்பு திறப்புக்காக ரவ்தா வைத்திருந்த கோழிச் சோறு மேசைக்கு வந்தது. எங்கள் தாம்பத்தியத்தைக் காப்பாற்றும் தீவிரத்தில் ஹாஜ்ஜா முதல் தட்டை முடித்தாள். உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டாவது. நான் எதிரே வறண்ட வாயோடு உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம்' என்று உபசரித்துக்கொண்டிருந்தேன். உபசாரம் எங்கள் ரத்தத்தில் இருக்கிறது, என்ன செய்ய? அவள் சட்டியையும் ரொட்டியால் வழித்தாள்.

கை கழுவிவிட்டுச் சொன்னாள்: "உங்க வீட்டு உப்பைத் தின்னுட்டேன். வாடகையில சொன்னதுல பாதிதான் ஏத்துவேன்."

ஏற்றாமல் விடமாட்டாளாம். பாதி மனசு இளகியிருக்கிறது. இன்னொரு தட்டு சாப்பிட்டிருந்தால் முழுசாக விட்டிருப்பாளோ? இதற்கு மேல் அந்த வயிற்றில் இடமில்லை.

அவள் படி இறங்கிய பிறகு பார்த்தேன். கதவுக்குப் பின்னால் தோப் குலுங்கிக்கொண்டிருந்தது. இது தும்மல் இல்லை.

நோன்பு திறப்பு: பேரீச்சம்பழம், காய்ந்த ரொட்டி.

அக்டோபர் 15, செவ்வாய்

கடைசி நோன்பு. பாங்கு சொன்னதும் தண்ணீர் குடித்து நிமிர்ந்தேன். ரவ்தா எதிரே உட்கார்ந்திருந்தாள். பழைய வீட்டுக் கவுன், கலைந்த பின்னல், அதில் நரை. எவ்வளவு அழகு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஹிபா அப்பா, எதுவும் பேசாதீங்க. சாப்பிடுங்க. மூணு நாள்ல அரை மூட்டை அரிசி மிச்சமான மாதிரி இருக்கு. மாசக் கடைசியில வேணும்னா இன்னொரு சத்தியம் பண்ணுங்க."

தானும் மூன்று நாளும் நோன்பு பிடித்ததாகப் பிறகு போகிற போக்கில் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, தனியாகச் சாப்பிட அவளுக்கு வராதாம்.

சோபாவுக்கு விடுதலை.

அக்டோபர் 25, வெள்ளி

புதிதாக வந்து இறங்கியிருக்கும் ஹாத்திம், நுஸைபா ஜோடியைப் பார்க்கப் போனோம். போர்ட் சூடானிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பாய் ஒன்று, சட்டி ஒன்று. தேநீர் குடித்துவிட்டு எழுந்தோம். பையன் பாய்ந்து வாசலை மறித்தான். கை மேலே போயிற்று. சமையலறை வாசலில் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளுக்குத்தானே தெரியும்?

அவன் வாய் திறப்பதற்குள் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போனேன். இங்கே செலவெல்லாம் எப்படி அண்ணே என்று முன்பே கேட்டிருந்தான். வாடகை சொன்னேன், காஸ் சொன்னேன், எந்தச் சந்தில் தக்காளி மலிவு என்று சொன்னேன். பிறகு, நீ இப்போது சொல்லப் போனதற்கு இந்த ஊரில் என்ன விலை என்றும் சொன்னேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

உள்ளேயிருந்து ரவ்தா குரல் கொடுத்தாள்: "சிரிக்காதீங்க தம்பி. வாங்கிப் பார்த்தவர் சொல்றார்."

நுஸைபாதான் முதலில் சிரித்தாள்.

திரும்பும்போது மைக்ரோபஸ்ஸில் கூட்டம். ரவ்தா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் காசை அவளே எடுத்து முன்சீட்டுக்காரரிடம் நீட்டினாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.