சட்டிக்குப் பின்னால் வந்த சூடு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் குழந்தையும் நலமா? தையல் ஆறிவிட்டதா?

நேற்று ஹோட்டல் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் இந்த நாட்டு மொழியில் "சட்டி" என்றதும் கையை நீட்டிவிட்டேன். "சூடான" என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது. விரல் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். இங்கே பொருள் முன்னால், அதன் குணம் பின்னால் என்பது சுட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே உலகத்தை இப்படியும் அடுக்கலாமா என்று மலைத்துப்போனேன்.

மருந்து போட்டபடியே அவர், "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார். அவர்கள் மொழி முறைப்படியே "மகள்" என்று தொடங்கினேன். "புதிய", "என்னுடைய" என்று முடிப்பதற்குள், நான் இன்னும் பார்க்காத அவள் அந்த முதல் சொல்லிலேயே எங்கள் நடுவில் வந்துவிட்டாள். எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அவள் அழுவதையாவது பதிவுசெய்து அனுப்பு. கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

பாப்பாவின் அப்பா