அஞ்சுக்கு அஞ்சு

நல்லம்பள்ளி,
2.6.2025

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதுவது.

போனில் கேட்டால் மழுப்புகிறேன் என்று கையால் எழுதச் சொல்லிவிட்டாய். எட்டாவதோடு விட்ட பேனா, கோடு ஒருபக்கம் நான் ஒருபக்கமாகப் போகிறோம். பொறுத்துக்கொள்.

மோட்டாரை நிறுத்த மறந்து பக்கத்துத் தக்காளிக் காட்டையும் மூழ்கடித்த பெருமைக்காக, தருமபுரி டாக்டரம்மாவிடம் போகச் சொன்னாயே, போய் வந்தேன். ஐந்து வார்த்தை சொல்லி, வேறு பேச்சுப் பேசி, திருப்பிக் கேட்டார்கள். அஞ்சுக்கு அஞ்சு. பள்ளிக்கூடத்தில்கூட உன் அப்பன் இப்படி வாங்கினதில்லை.

ஆனாலும் ஒரு பயிற்சி. நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்க வேண்டும். உடம்புக்கும் மூளைக்கும் சேர்த்து வேலை கொடுத்தால் மறதி தள்ளிப்போகலாமாம். எனக்குக் கணக்கு வந்தால் கால் நிற்கிறது, கால் நடந்தால் கணக்கு நிற்கிறது. கூட வரும் சவுரியப்பன், "என்ன குப்புராஜு, எம்பத்தெட்டுலயே குடித்தனம் பண்றியா?" என்கிறான்.

ஜெர்மனி நர்ஸ் வேலைக்குத் தைரியமாகக் கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா

பெங்களூர்,
7.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் எல்லோரிடமும் காட்டினேன். ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லைங்கப்பா. அம்மாவும் இல்லாத வூட்டில் உங்களை ரெண்டு வருஷம் எப்படி விட்டுப் போவது என்றுதான். அந்த மார்க்கை நம்பித்தான் பதினெட்டாம் தேதி கையெழுத்துப் போடப் போகிறேன்.

ஒன்றே ஒன்று. நின்றுகொண்டு கணக்குப் போடுவதும், சும்மா நடப்பதும் போதாதுங்க. ரெண்டையும் சேர்த்துச் செய்யுங்க. தப்பாக வந்தாலும் பரவாயில்லை. பார்த்து நடங்க, விழுந்துடாதீங்க.

உங்கள்,
யுவராணி

நல்லம்பள்ளி,
12.6.2025

யுவராணி,

கையெழுத்துப் போடும் முன் இதைப் படி. போனில் சொன்னால் மறுபடியும் மழுப்பிவிடுவேன். அதனால் நாளை பெங்களூர் வரும் சவுரியப்பன் மருமகள் அன்பரசியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த அஞ்சும் என் மார்க் இல்லை. அன்றைக்குத் தன் மறதியைக் காட்ட எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த சவுரியப்பன், "இதத்தான்டா கேக்கறாங்க" என்று ஐந்தையும் சொல்லிவிட்டான். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். கோயில், குதிரை, மஞ்சள், சட்டை, வாழைப்பழம். நான் ஃபெயிலானால் உன் ஜெர்மனி போய்விடுமே என்று பயம். அறுபத்தெட்டு வயதில் பிட்டு அடித்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

நேற்று தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். நல்லம்பள்ளியில் நிறுத்தினார்கள். தூங்கவில்லை, விழித்துத்தான் இருந்தேன். யாருடைய ஊரோ என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொப்பூரில் கண்டக்டர், "பெரியவரே, எங்கீங்க போவோணும்?" என்று கேட்டபோது வாயில் ஊர்ப் பெயர் வரவில்லை.

இன்று காலை டாக்டரம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். வேறு ஐந்து வார்த்தை கொடுத்தார்கள். ரெண்டுதான் வந்தது. "இத வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாதுங்க, இன்னும் பாக்கணும். அடுத்த தடவ யாராச்சும் கூட வரணும்" என்றார்கள். சவுரியப்பனைக் கூட்டி வரட்டுமா என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனிக்குப் போகாதே என்று சொல்லமாட்டேன். திங்கட்கிழமை மட்டும் வா. எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா