ஹரிதாவிடம் எந்த மொழியில் பேசுவது?

ஹரிதாவின் அப்பாவுக்கு,

ரசம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழந்தையை ஸ்பீச் தெரபிக்கு சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

போன தடவை தெரபிஸ்ட், "காது கேக்க காக்ளியர் இம்ப்ளான்ட் வெச்சு எட்டு மாசம் ஆச்சு. வீட்ல யாரும் பேசறதே இல்லையா?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

ஹரிதாவிடம் தமிழில் பேசுவதா, இங்கிலீஷிலா என்று போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டோம். அன்றிலிருந்து எந்த மொழியிலும் பேசவில்லை. சீட்டுதான் எழுதிக்கொள்கிறோம். மூன்று வயதுக் குழந்தை சீட்டைப் படிக்குமா?

சாயங்காலம் வந்து என்னைத் திட்டவாவது திட்டுங்கள், முழு வாக்கியமாக. அவள் காதில் விழட்டும்.

ஷ்யாமளா

பி.கு.: காலையில் நீங்கள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனதும், ஹரிதா வாசலைப் பார்த்து முதல் தடவையாக "அப்பா" என்றாள். தமிழில்தான்.