பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே

பாயூ பெக்காஸ், லுயீசியானா
1976 டிசம்பர் 19, ஞாயிறு

அன்புள்ள மகன் நோலனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஸ்காட்லாந்துக் கடலுக்கு நடுவே அந்த எண்ணெய் மேடையில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறோம். நீ அனுப்பிய போட்டோவில் மெலிந்து தெரிகிறாய் என்று அம்மா வருத்தப்படுகிறாள், தாடியை எடுத்ததால் அப்படித் தெரிகிறது என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. என் முழங்கால் முன்பு போலத்தான். இறால் இந்த வருஷம் சுமார். வாத்து நிறைய வந்திருக்கிறது.

இதுவரை அப்பா சொன்னது. வழக்கமாகக் கடைசிவரை அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கு இந்த இடம் வந்ததும் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, மீதியை நீயே எழுது, நான் அங்கே சும்மா கத்திக்கொண்டுதானே இருந்தேன், என்ன நடந்தது என்று உனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வலை தைக்கப் போய்விட்டார். ஆகவே அண்ணா, இனி நான்தான், ஸெலி. எட்டாவதோடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

எல்லாம் உன் நாயைப் பற்றித்தான். ஜூன் மாதம் நீ விமானம் ஏறும்போது மூஷுக்கு எட்டு மாதம், நீ என்னிடம் ஒரு விசிலையும் நாலு பக்கம் எழுதிய நோட்டையும் கொடுத்துவிட்டுப் போனாய். அதில் முதல் வரியாக, அடிக்கோடு போட்டு, இதன் பெயரைச் சொன்னால் போய் எடுத்துவா என்று அர்த்தம், வேறு எதற்கும் பெயரைச் சொல்லக்கூடாது என்று எழுதியிருந்தாய். வாத்து வேட்டையில் நாணல் மறைப்புக்குள் இரண்டு நாய் உட்கார்ந்திருந்தால் யாருடைய பெயர் சொல்லப்படுகிறதோ அதுமட்டும் பாயவேண்டும், அதற்காக என்றும் எழுதியிருந்தாய். திரும்பி வர மூன்று குட்டை விசில், உட்கார ஒரு நீள விசில். நான் அப்படியே செய்தேன். இறால் கொட்டகைக்குப் பின்னால், ஆள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வாத்துச் சிறகு கட்டிய துணிப் பொட்டலத்தை எறிந்து, பெயரைச் சொல்லி அனுப்பி, விசில் அடித்து வரவழைத்தேன். விசிலைக்கூட மெதுவாகத்தான் அடிப்பேன், யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்லக்கூடத் தொண்டை திறக்காதவள் நான், உனக்குத் தெரியாததா. ஆனால் மூஷுக்கு மெதுவாக அடித்தாலே போதும்.

வீட்டில்தான் பெரிய பாடு. அம்மா சாப்பாட்டு மேசையில் மறந்துபோய் அதன் பெயரைச் சொல்லிவிடுவாள், அது வலைக்கதவைக் கிழித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து என் முன்னால் உட்காரும். ஒரு இறகு கூடக் கசங்கியிருக்காது, கோழிதான் பிறகு இரண்டு நாள் முட்டை போடாது. மூன்றாம் தடவை அந்த வீட்டுக்காரி வந்து நின்ற பிறகு அம்மா அதைச் சேறு என்று கூப்பிட ஆரம்பித்தாள். சேறே வா, சேறே போ. அப்பாவுக்கு மட்டும் இந்தச் சட்டமே பிடிக்கவில்லை. நாய்க்குப் பெயர் வைப்பதே கூப்பிடத்தானே, கூப்பிட்டால் ஓடிப்போகிற பெயர் என்ன பெயர், நோலன் புத்தகம் படித்துக் கெட்டுப்போனான் என்று சிரிப்பார். அவர் மூஷ் மூஷ் என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார், அது வாசலுக்கும் அவருக்கும் நடுவே நின்று குழம்பிக்கொண்டேதான் இருந்தது.

முழங்கால் போன பிறகு அப்பாவால் ஓடத்தை விட்டுச் சேற்றில் இறங்க முடியவில்லை. நாணலுக்குள் விழும் வாத்துகளை அங்கேயே விட்டுவிட்டு வருவார், அன்றைக்கு ஜெபம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. சுட்டதை எடுக்காமல் விடுவதைவிடப் பெரிய பாவம் அவருக்கு இல்லை. அதனால் நவம்பரில் நாயை அழைத்துக்கொண்டு கிளோவிஸ் மாமாவோடு போனார். நான் போகவில்லை, என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. மூஷ் அன்றைக்குத் தண்ணீரில் பாய்ந்து, செத்துக் கிடந்த வாத்தை விட்டுவிட்டு, வாத்துகளை ஏமாற்றி இறக்க மிதக்கவிட்டிருந்த மர வாத்து ஒன்றைக் கவ்வி, கயிறும் ஈயக் குண்டுமாக இழுத்துக்கொண்டு வந்து, மற்ற பதினொன்றையும் சிக்கலாக்கி ஓடத்துக்குள் போட்டிருக்கிறது. கிளோவிஸ் மாமா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். "மச்சான், உன் நாய் கெட்டிக்காரன்தான். கறி கேட்டா வெறகு கொண்டாந்து குடுக்குது, நீயே சமைச்சுக்கோன்னு." ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் எல்லாரும் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கிறிஸ்துமஸுக்குள் ஒரு உண்மையான வாத்தை இது கொண்டுவராவிட்டால் லாஃபிட்டில் இருக்கும் இறால் படகுக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன், படகைக் காவல் காக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் நாயைச் சங்கிலியில் கட்டியே வைத்திருப்பவர், உனக்குத் தெரியும். உன் நாயை நீ வருவதற்குள் கொடுத்துவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அப்பாவிடம் பேசவும் வாய் வரவில்லை. போன சனிக்கு முந்தின சனி விடியுமுன்னே எழுந்து, மூஷோடு போய் ஓடத்தில் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அப்பா வந்து பார்த்தார். பிறகு தள்ளுகோலை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஏறிக்கொண்டார்.

மாமா அவர் ஓடத்தில் வந்தார். வழியெல்லாம், சமையல்காரியையும் கூட்டிக்கிட்டு வந்தாச்சு, இனி வெறகு வந்தாலும் கவலையில்ல என்று கேலி. ஏரி வாயில் உன் பழைய மறைப்புக்குள்தான் ஓடங்களை நுழைத்து உட்கார்ந்தோம், நாணலை அப்பா புதிதாக வெட்டிக் கட்டியிருந்தார். விடிந்ததும் தெற்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது, அதோடு பனிமூட்டமும். மர வாத்துகளே பாதிதான் தெரிந்தன. அப்போது சாம்பல் முதுகு வாத்துகள் நாலைந்து தாழ்வாக வந்தன, அப்பா ஒரே வெடி, ஒன்று விழுந்தது. ஆனால் சாகவில்லை, சிறகு ஒடிந்து நீந்தியது. அப்பா மூஷ் என்றார். அண்ணா, அது பாய்ந்ததை நீ பார்த்திருக்கவேண்டும், மர வாத்துகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, நேராக அதன் பின்னாலேயே போனது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனால் அந்த ஜாதி வாத்தைப் பற்றித்தான் தெரியுமே, கிட்டே போனால் முங்கும், இருபது முழம் தள்ளி எழும்பும், நாய் போனால் மறுபடி முங்கும். அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே போனது. தண்ணீரும் வற்றும் நேரம், ஏரி வாய் வழியாகக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் மூஷின் தலை பனிக்குள் போய்விட்டது.

அப்பா எழுந்து நின்று மூஷ் என்று கத்தினார். தூரத்தில் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது. மறுபடி கத்தினார், சத்தம் இன்னும் தள்ளிப் போயிற்று. மாமாவும் சேர்ந்துகொண்டார், இரண்டு பேரும் மூஷே மூஷே என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அது விலகிப் போவது எனக்குக் கேட்டது. அப்போதுதான் உன் நோட்டின் முதல் வரி என் கண்முன் வந்தது. அவர்கள் வா வா என்று கத்துகிறார்கள், அதன் காதில் போ போ என்று விழுகிறது. சொன்ன பேச்சைத் தட்டாமல் அது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் சொல்லவேண்டும், ஆனால் எனக்கு வாயே வரவில்லை. எழுந்து போய் அப்பாவின் வாயை என் உள்ளங்கையால் பொத்தினேன். அவர் கண்ணை உருட்டினார், நான் கழுத்தில் சட்டைக்குள் கிடந்த விசிலை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. மாமா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அப்பா என் கையை விலக்கிவிட்டு, "கிளோவிஸ், பொத்துடா வாய, நாமதான் அதக் கொல்றோம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மூன்று குட்டையாக அடித்தேன். இந்தத் தடவை மெதுவாக இல்லை, கொட்டகைக்குப் பின்னால் அடிக்காததையெல்லாம் சேர்த்து அடித்தேன். அடித்துவிட்டு மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் மனசுக்குள் சொல்லிக் காத்திருப்பேன், பிறகு மறுபடி மூன்று. ஒன்றும் கேட்கவில்லை. ஓடத்தை எடுத்துத் தேடலாம் என்று மாமா கையால் காட்டினார், அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார், விசில் ஒரே இடத்திலிருந்து வந்தால்தானே அது திசை பிடிக்கும். பத்து மந்திரம் முடிந்து பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்பா தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டிருந்தார், உதடு என்னோடு கூடவே அசைந்தது. இரண்டாவது பத்தில் ஏழோ எட்டோ இருக்கும்போது முன்பக்கம் இல்லை, எங்களுக்குப் பின்னால் நாணல் சலசலத்தது. எங்கேயோ கரை ஏறிச் சேற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஓடத்தில் ஏறக் காலில் வலு இல்லை, அப்பா கழுத்தைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார். வாயில் வாத்து இல்லை. உதட்டில் இரண்டு சின்ன இறகு மட்டும் ஒட்டியிருந்தது. அதாவது அண்ணா, அது வாத்தைப் பிடித்திருக்கிறது. விசில் கேட்டதும் விட்டுவிட்டு வந்திருக்கிறது.

அப்பா கோட்டைத் திறந்து அதன் தலையை உள்ளே வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவர் சட்டையெல்லாம் சேறு. "வெறும் வாயோட வந்தியாடா ராசா, நல்லவனே, வெறும் வாயோட வந்தியா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா மூக்கைச் சிந்திவிட்டு, "வேட்டைக்குப் போன நாய் சும்மா வந்ததுக்கு அழுற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். அன்றைக்கு இரவு கம்போக் குழம்பில் அப்பாவின் பங்குக் கறி முழுவதும் மேசைக்கு அடியில்தான் போயிற்று, அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். லாஃபிட் பேச்சே பிறகு எழவில்லை. கடந்த செவ்வாய்க்கிழமை வானம் தெளிவாக இருந்தபோது ஒரு நல்ல பச்சைத் தலை வாத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது, அப்பா கையில் இல்லை, என் கையில். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, நான் அதை அவரிடம் கொடுத்தபோது நன்றி மகளே என்றார். அவர் எனக்கு நன்றி சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. இப்போது அவர் விசில் பழகுகிறார். பொய்ப்பல்லில் விசில் நிற்கவில்லை, பல்லைக் கழற்றினால் காற்று நிற்கவில்லை. மாமா தினமும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்.

உனக்கு நான் நன்றி சொல்லவேண்டும் அண்ணா. நாலு பக்கம் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டுப் போனாயே, அதற்கு. அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அதற்கும். அப்பா இப்போது உள்ளே வந்து, எழுதி முடித்தாயிற்றா என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இனி அவர் சொல்வது.

மகனே, நீ எழுதிவைத்தது சரி, நான் சிரித்தது தப்பு, இதை உன் தங்கை எழுத்தில் கேட்டுக்கொள். அந்தச் சனிக்கிழமை உன்னையும் நினைத்தேன், பனிமூட்டத்தில் நீ இருக்கும் கடலையும் நினைத்தேன். குளிருக்குக் காலுறை இரண்டு ஜோடி போடு, மேடையில் கம்பியைப் பிடிக்காமல் நடக்காதே, ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே. மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும், நல்லபடியாய் வேலை செய்து நல்லபடியாய் வீடு வந்து சேர். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். இனிக் கடிதத்தில் நாயின் பெயரை எழுதாதே, ஸெலி சத்தமாக வாசிக்கும்போது கோழிகள் பாவம். மார்ச்சில் நீ வரும்போதும் ரோட்டிலிருந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே. மூன்று தடவை விசில் அடி. அது வந்துவிடும், பின்னாலேயே நாங்களும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
லியோன்ஸ் (இந்தக் கையெழுத்து அவரே போட்டது)
எழுதியது தங்கை ஸெலி