அம்மா வந்து போகும் சுவர்

செம்மண்டலம், கடலூர்.
14.10.2012

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ, மாப்பிள்ளை ராஜவேல், யாழினிக் குட்டி மூவரும் நலமாக இருக்க வடலூர் ஐயா துணை. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் அவ்வப்போது நானும் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பயப்படாதே. போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், நானும் மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ கம்ப்யூட்டரில் வரைந்த படங்களுக்கான சுவர் ஒருவழியாகத் தயார். ஹாலில் காலண்டர் மாட்டியிருந்த சுவரைக் காலி செய்து வெள்ளையடித்து, நீ வாங்கச் சொன்ன பெரிய டிவியை நடுவில் பொருத்தி, சுற்றிலும் தேக்குச் சட்டம் அடித்தாயிற்று. எலக்ட்ரீஷியன் லூர்துசாமியைப் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, போன வருஷப் புயலுக்குப் பிறகு அவர் மந்திரி மாதிரி, வீட்டுக்கு வீடு கூப்பிடுகிறார்கள். இங்கே கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி, அதனால் ஃபேனுக்குப் போகிற இன்வெர்ட்டர் லைனை டிவிக்குக் கொடுக்கச் சொன்னேன். "கொசு பிச்சி எடுத்துடும் சார்" என்றார். எடுத்தால் எடுக்கட்டும், படம் நிற்கக் கூடாது என்றேன். இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பார். நீ அனுப்பிய பென் டிரைவைச் செருகியதும் உன் படங்கள் ஒன்று மாற்றி ஒன்று வர ஆரம்பித்தன. யாழினி ஊஞ்சலில் சிரிக்கிறாள், மாப்பிள்ளை வெங்காயம் நறுக்குகிறார், திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் உன் அம்மா கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்கிறாள். போட்டோ எடுக்கிறார்கள் என்றாலே விறைத்துக்கொள்கிறவள், அவளை எப்படியம்மா இப்படிப் பிடித்தாய்? அன்றைக்குக் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். ஆறுதலாக இருந்தது.

இப்போது சிதம்பரம் அத்தை கதைக்கு வருகிறேன். அம்மாவின் முதல் வருஷ திதிக்கு என் அக்கா முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிட்டாள், கையில் சந்தனம், குங்குமம், படத்துக்குப் போட நீளமாக ஒரு குண்டுமல்லிச் சரம். சுவரில் அம்மாவைப் பார்த்ததும் "அமராவதி!" என்று சொல்லிக்கொண்டே போய் நெற்றியில் பொட்டு வைக்கக் கையை நீட்டினாள் பார், அதற்குள் படம் மாறி, சந்தனமும் குங்குமமும் மாப்பிள்ளை மூக்கில். நான் சிரித்துவிட்டேன், அவளுக்கு வந்ததே கோபம். சரத்தையாவது போடுவோம் என்று சட்டத்தின் இரண்டு மூலையிலும் தொங்கவிட்டாள். அடுத்து வந்தது யாழினி. பூவுக்குக் கீழே குழந்தை சிரிக்கிறது. அத்தை "ஐயோ, உசுரோட இருக்குற புள்ளைக்கா!" என்று அலறிச் சரத்தை இழுத்தாள். நானும் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன், பொய் சொல்வானேன். "இன்னாடா சுப்பு இது, போனவுங்களும் இருக்கறவுங்களும் ஒரே கண்ணாடியில வரலாமா? அவள எடுத்துத் தனியா மாட்டு, அது வரைக்கும் இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பட்டினி கிடந்தால் திதி எப்படி நடக்கும்? ஆனால் எனக்கும் பிடிவாதம். தனியாக மாட்டினால் அவள் அங்கேயே நின்றுவிடுவாள் அக்கா, இதில்தான் வருகிறாள், போகிறாள், சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, இது போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. அம்மா முட்டிபோட்டு நின்று, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்குத் தலையில் பூ வைத்துவிடுகிறாள், அத்தை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். அதையும் நீ வரைந்திருப்பது அத்தைக்குத் தெரியாது. எழுந்தாள், கிட்டே போனாள், அதற்குள் போய்விட்டது. "இன்னொரு தபா போடுடா" என்றாள். எனக்கு அந்த ரிமோட்டில் அதெல்லாம் எங்கே தெரியும், சுற்றி வந்தால்தான் உண்டு என்றேன். உட்கார்ந்தாள். கரண்ட் போயிற்று, ஃபேன் நின்றது, படம் மட்டும் ஓடியது, வியர்த்து ஊற்றியது, அவள் அசையவில்லை. மறுபடி அந்தப் படம் வந்ததும் மடியில் கிடந்த சரத்தில் ஒரு முழம் கிள்ளி, சுவருக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, தன் தலையில் தானே வைத்துக்கொண்டாள். போனவர்களுக்கு என்று வாங்கின பூவைத் தொட்டாலே கை கழுவுகிறவள். "நான் எப்ப வந்தாலும் அவதானடா வெச்சி வுடுவா" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, சாப்பாடு என்ன என்று கேட்டாள்.

திதி நல்லபடியாக நடந்தது. மீதிச் சரம் சாமி படத்துக்கு. சிந்து, நீ வரைய ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் சொல்லத் தெரிந்ததில்லை. இப்போது சொல்கிறேன், எனக்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய் அம்மா, நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு, மாப்பிள்ளையிடம் மூக்கில் பொட்டு வைத்த கதையைச் சொல். எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். யாழினிக்கு முத்தம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எல்லோரையும் வரைந்த நீ உன்னை வரையவில்லை. நான் கவனிக்கவே இல்லை, பஸ் ஏறும்போது அத்தைதான் சொன்னாள். "சிந்துவ அவ அம்மா பக்கத்துல ஒக்கார வெச்சி ஒரு படம் போடச் சொல்லுடா" என்றாள்.

என்றும் உன் அப்பா,
சுப்புராயன்