சும்மா வந்த லினக்ஸ்

இன்று காலை கடையைத் திறந்து பழைய கம்ப்யூட்டரைப் போட்டதும் சூடான தூசி வாடை எழுந்தது. உள்ளே விசிறி சுற்றத் தொடங்கினால் வரும் வாடை. பக்கத்து நாற்காலியில் நீ இருப்பதுபோல் திரும்பிப் பார்த்தேன். நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் நாம் இருவரும் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்த அதே அறைதான். வைரஸ் புகுந்து நம் கோப்புகளைத் தின்றுவிட்ட மறுநாள், மேலப்பாளையத்து வீட்டிலிருந்து வரும்போதே நீ ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தாய்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பாப்போம். வைரஸ் லேசுல ஏறாது. துட்டு கிடையாது."

எனக்கு அதுவே பிடிக்கவில்லை. "சும்மா குடுக்கவன் எதுக்குளா குடுக்கான்? நம்மகிட்ட எத எடுக்கதுக்கு?"

"அதையும் நம்பாத, என்னையும் நம்பாத. மொதல்ல பென்டிரைவ்லயே ஓட்டிப் பாரு. பிடுங்கிட்டா பழையபடி ஆயிரும்."

இணைய வயரைக் கழற்றிவிட்டுத்தான் சம்மதித்தேன். திரையைவிட உன் முகத்தையே அதிகம் பார்த்தேன். உன் கொழுந்தனும் உங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகைதான் அடித்தார். நம் பத்திரிகை மாதிரிகள் இந்த லினக்ஸ் வழியாக அங்கே போய்ச் சேருமோ என்று உள்ளுக்குள் அரித்தது. ஆனால் உன்னிடம் கேட்கவில்லை.

பிடித்துப்போய்விட்டதா, வேறு வழியில்லையா, ஏதோ ஒன்று, கம்ப்யூட்டரிலேயே ஏற்றிவிட்டோம். கறுப்புத் திரை ஒன்று பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். ஒரு எழுத்தும் விழவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை.

"நான் அடிச்சதெல்லாம் எங்க போகுது?"

"எங்கயும் போகல. எத்தன எழுத்துன்னு பக்கத்துல இருக்கவளுக்குத் தெரியக்கூடாதுல்லா, அதான் காட்டாது." சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

அடுத்த நாள் ஆழ்வார்திருநகரிக்காரர்களின் பத்திரிகை. மின்னஞ்சலில் தப்பியிருந்த கோப்பைத் திறந்தால், மணப்பெண் பெயர் இருந்த இடத்தில் ஏதேதோ கிறுக்கல். அவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

"கெடுத்துட்டியேளா" என்றேன்.

நீ பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், உன் கம்ப்யூட்டரிலிருந்து பழைய எழுத்துருவை எடுத்துவந்து ஏற்றினாய். பெயர் ஒழுங்காக வந்தது. "அங்கன இருந்த எழுத்து இங்கன இல்ல. அவ்வளவுதான்" என்றாய். நம் கடை எழுத்துரு உன் வீட்டிலும் இருந்தது எனக்கு உறுத்தியது; அன்று மாலையே நான் பாஸ்வேர்டை மாற்றினேன்.

அப்புறம் எத்தனையோ கல்யாணங்கள் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் போயின. ஒரு கோப்பும் எங்கும் கசியவில்லை. என் கண் மட்டும் உன்மீது இருந்துகொண்டே இருந்தது.

நெஞ்சுவலியில் நீ திடீரென்று போன அன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். கிளம்பும்போது உன் கொழுந்தன் வாசல்வரை வந்தார்.

"எங்க கடையிலயும் அந்த லினக்ஸப் போட்டுத் தாங்கன்னு மைனிகிட்ட எவ்வளவோ கேட்டேன்க்கா. மாட்டேன்னுட்டாவ. 'எந் தோழி சந்தேகப்படுவா, வேண்டாம்'னாவ."

கோபமாகச் சொல்லவில்லை. இருந்தும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் நானே போய் அவர் கடையில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். சும்மா தருகிறவர்கள் யார் என்று அவரும் கேட்டார். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், எழுதியதை யாரும் திறந்து பார்க்கலாம் என்றேன். சொன்னேனே தவிர, எனக்கு இன்றும் முழு நம்பிக்கை கிடையாது. என் சுபாவம் அப்படி.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மனதில் ஏதாவது உறுத்தினால் இப்போதெல்லாம் எதிரில் இருப்பவரிடமே கேட்டுவிடுகிறேன். அவர்களும் ஏதோ பதில் சொல்கிறார்கள். நான் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்பதுதான் தெரியவில்லை.