உறைந்துபோன இன்சுலின்

அன்புள்ள அம்மா,

உங்கள் ஆசி வேண்டி நெலிதா எழுதுகிறேன். நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

இங்கே சான் ஹுவான் ஆற்றோர மருத்துவ நிலையத்தில் ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது. அதனால் மீன் வைக்கும் ஃப்ரீசர் பெட்டியையே ஃப்ரிட்ஜாக மாற்றினோம். போதுமான குளிர் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஒன்றை அதில் மாட்டினோம். சில நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சூட்டை அளக்கும் கம்பி கழன்று வெளியே விழுந்துவிட்டது. வெளிச் சூட்டைப் பெட்டியின் சூடென்று எண்ணிய கருவி, அதை நிற்காமல் ஓடவிட்டது. இன்சுலின் முழுவதும் உறைந்துபோனது.

காலையில் ஊசி போட்டுக்கொள்ள வந்த படகோட்டி எவரிஸ்தோ, "வெயில்ல வெச்சா இளகிடுமே மகளே, போடு" என்றார்.

"உறைஞ்சது வேலை செய்யாது தாத்தா. அதை நம்பினா உயிருக்கே ஆபத்து."

"இதுக்கு மீனையே வெச்சிருக்கலாம்" என்று சிரித்தார். அப்போதே அவருக்குச் சர்க்கரை ஏறி நாக்கு வறண்டிருந்தது. மதியப் படகில் நகர மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டேன். பெட்டிக்குள் வைக்க ஒரு நல்ல வெப்பமானி வாங்கி அனுப்புங்கள். உங்கள் பழைய சால்வையையும் அனுப்புங்கள். இங்கே குளிரில்லை, இருந்தாலும் அனுப்புங்கள்.

கடிதம் கொண்டுபோகும் படகு கிளம்புகிறது. எவரிஸ்தோவைப் பற்றி இன்னும் சேதி வரவில்லை. அவருடைய கோழிகளுக்கு நான்தான் தீனி போடுகிறேன். முதலில் மிரண்டு ஓடிய அவை, இப்போது என் காலடிக்கே வந்துவிடுகின்றன.

உங்கள் மகள்
நெலிதா